இரண்டாவது கீப்பர்

மூன்று சீசன் ஒரே கால்பந்துக் கிளப்பில் பதிவு செய்த ஆட்டக்காரியாக இருந்தேன். அந்த மூன்று சீசனில் நான் களத்தில் இறங்கியது நான்கு முறை. அதிலும் இரண்டு, முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம். கோல்கீப்பருக்கு இது புதிதல்ல. முன்வரிசையில் ஒருத்திக்கு மூச்சு வாங்கினால் மாற்றுவார்கள், நடுவரிசையில் ஒருத்திக்குக் கால் பிடித்துக்கொண்டால் மாற்றுவார்கள். கீப்பரை யாரும் மாற்றுவதில்லை. முதல் கீப்பருக்கு அடிபட வேண்டும், இல்லையென்றால் கல்யாணமாகி வெளியூர் போக வேண்டும்.

எங்கள் முதல் கீப்பருக்கு அடியும் படவில்லை, கல்யாணமாகியும் உள்ளூரிலேயே இருந்தார். என்னைவிட நான்கு வயது பெரியவர், தபால் நிலையத்தில் வேலை. அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட நல்ல கீப்பர், அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. எவ்வளவு நல்லவர் என்பதுதான் தெரியவில்லை. பயிற்சியில் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு கோல்தான் விழும். ஆட்டத்தில் எனக்கு எத்தனை விழும் என்று பார்க்க வழியில்லை.

நான் செராமிக் யூனிட் ஒன்றில் வேலை பார்த்தேன். பியூஸ் கேரியர் செய்கிற இடம். அச்சிலிருந்து எடுத்த துண்டு காய்ந்த பிறகு, சூளைக்குப் போகும் முன், ஓரத்தில் நிற்கும் பிசிறைச் சுரண்டி ஈர ஸ்பாஞ்சால் துடைத்து அடுக்க வேண்டும். ஐந்து மணிக்கு விடுவார்கள். சைக்கிளில் ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்குப் போனால் இருட்டும் வரை பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். இதில் ஆட்டம் மட்டும் எனக்கு இல்லாமல் இருந்தது.

மூன்றாவது சீசனின் நடுவில் திட்டக்குடி அணியை எங்கள் மைதானத்தில் சந்தித்தோம். அங்கே ஒரு ஸ்கூலில் விளையாட்டு ஆசிரியையாக இருந்த மிஸ் ஒருவர் சேர்த்த அணி, இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவர்களுடைய கீப்பர் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஓரத்தில் ஆடும் பெண்ணுக்குக் கையுறையை மாட்டி நிறுத்தியிருந்தார்கள். ஏழு கோல் போட்டோம். ஐந்தாவது கோலுக்குப் பிறகு எங்கள் பெண்களே ஓடுவதைக் குறைத்துவிட்டார்கள். அக்கா கோல் கம்பத்தில் சாய்ந்து நின்று தலைமுடியைச் சரி செய்துகொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் அந்த மிஸ் நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்தார். நான் தண்ணீர் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். என்ன வேலை செய்கிறேன், எத்தனை மணிக்கு விடுவார்கள், ஞாயிறு லீவா என்று விசாரித்தார். பிறகு சொன்னார்: "வார்ம்-அப்புல உன்னப் பாத்தேன்மா. எங்ககிட்ட வந்தா எல்லா மேட்ச்சும் நீதான். நிறைய கோல் வாங்குவ. ஆனா நிக்கலாம்."

அன்றைக்கு எங்கள் மாவட்டச் சங்கத்தின் விதி இதுதான்: ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப்புக்குப் போக வேண்டுமானால் பழைய கிளப் என்.ஓ.சி. தர வேண்டும், அதாவது இவர் போவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம். தராவிட்டால், எந்தக் கிளப்பிலும் பதியாமல் ஒரு முழு சீசன் வெளியே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு யாரையும் கேட்காமல் எங்கேயும் போகலாம்.

எங்கள் கிளப் செயலாளருக்குப் பாலக்கரையில் எலெக்ட்ரிகல் கடை இருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். டீ குடித்து முடித்த பிறகு முடியாது என்றார்.

அவர் சொன்ன காரணம் எனக்கு அப்போது சாக்காகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த விதி வருவதற்கு முன்னால், சீசன் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, பெரிய அணி ஒன்று அவருடைய ஐந்து ஆட்டக்காரிகளை ஒரே நாளில் எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டதாம். அந்த ஐந்து பேரில் இரண்டு பேரைத்தான் அவர்கள் ஆட வைத்தார்கள். மற்ற மூவரை வாங்கியது எங்கள் கிளப்பில் ஆடக் கூடாது என்பதற்காக மட்டுமே. அந்த வருடம் பதினோரு பேர் சேராமல் நான்கு ஆட்டங்களை விட்டுக்கொடுத்தார். அதன் பிறகு சங்கத்தில் பேசிப் பேசி என்.ஓ.சி. விதியைக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர்.

"உன்ன நான் கட்டிப்போடலம்மா," என்றார். "ஆனா அவளுக்கு நாளைக்கு ஒரு அடி பட்டுதுன்னா நான் யார நிறுத்துவேன், சொல்லு."

அவருடைய கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அந்த நியாயத்துக்குள் நான் எங்கே இருக்கிறேன் என்று மட்டும் யோசித்தபடி சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த சீசனுக்கான படிவம் வந்தபோது நான் கையெழுத்துப் போடவில்லை. செயலாளர் இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டார். மூன்றாவது தடவை நானே போய், "இந்த வருஷம் சும்மா இருக்கேன் சார்" என்றேன். சரி என்று படிவத்தை மேசை டிராயருக்குள் போட்டுக்கொண்டார். வீட்டில் அம்மா, இனிமேல் ஞாயிற்றுக்கிழமையாவது துணி துவைக்க ஆள் கிடைத்தது என்றார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

சும்மா இருப்பது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. கிளப் மைதானத்துக்குப் போக முடியாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் போகவில்லை. ஞாயிறு காலை பெண்ணாடம் வழியாகப் போகும் பஸ்ஸில் திட்டக்குடி போய் அந்த அணியோடு பயிற்சி செய்வேன். அவர்கள் பத்து மணிக்கு ஆட்டத்துக்குக் கிளம்பினால் நானும் போய்க் கோட்டுக்கு வெளியே நிற்பேன். அதற்கும் புகார் வந்தது. பதியாத ஆட்டக்காரி எப்படிப் பயிற்சியில் கலந்துகொள்ளலாம் என்று ஒரு கிளப் சங்கத்துக்கு எழுதியது. விதியில் அதற்குத் தடை இல்லை என்று பதில் வர ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதம், வம்பு வேண்டாமென்று மிஸ் என்னை வர வேண்டாம் என்றார். மாவட்ட அணித் தேர்வுக்கும் போக முடியவில்லை. ஏதாவது ஒரு கிளப்பில் பதிந்தவர்களை மட்டுமே கூப்பிட்டார்கள்.

பொங்கல் முடிந்து லீக்கின் கடைசிக் கட்டம் வந்தது. எங்கள் பழைய கிளப் முதலிடத்தில் இருந்தது. இன்னும் ஒரு ஆட்டம் தோற்காமல் முடித்தால் கோப்பை அவர்களுக்கு. அந்த ஆட்டத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பயிற்சியில் பந்தைத் தட்டும்போது அக்காவின் வலது கை மோதிர விரல் முறிந்தது.

புதன்கிழமை மதியம் யூனிட் வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டார். கேட்டுக்கு வெளியே செயலாளர் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். என் கையெல்லாம் வெள்ளை மண். அவர் டிராயருக்குள் போட்ட அதே படிவத்தைக் கொண்டுவந்திருந்தார். எனக்கான இடம் பட்டியலில் காலியாகவே இருந்ததாம். பழைய கிளப்பே என்றால் சீசன் நடுவிலும் பதியலாம், விதி அதை அனுமதித்தது. கையெழுத்துப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை கோலில் நான். மூன்று வருடம் காத்திருந்த இடம்.

ஆனால் கையெழுத்துப் போட்டால் அந்த வருடம் நான் வெளியே இருந்ததாகக் கணக்கில் வராது. மறுபடி என்.ஓ.சி., மறுபடி ஒரு சீசன். இதை அவர் மறைக்கவில்லை, அவரேதான் சொன்னார்.

"அடுத்த வருஷம் என்.ஓ.சி. குடுப்பீங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் ஸ்கூட்டர் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். "குடுக்கறேன்னு சொல்லிட்டு நாளைக்குக் குடுக்காம போனா அது தப்பு," என்றார். "இப்ப சொல்ல முடியாது."

நான் போடவில்லை. அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால் போட்டிருப்பேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த ஞாயிறு கோலில் ஒரு பின்வரிசைப் பெண்ணை நிறுத்தினார்கள். நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். முதல் பாதியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது பாதியில் தூரத்திலிருந்து ஒருத்தி அடித்த பந்து தரையில் ஒருமுறை எகிறி அந்தப் பெண்ணின் கைக்கு மேலே போனது. நான் நின்ற இடத்திலிருந்தே என் கால் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டது. கீப்பர் அங்கே செய்ய வேண்டியது அதைத்தான். ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பை வேறு ஊருக்குப் போனது.

அக்கா விரலில் கட்டோடு பெஞ்சில் இருந்தார். எல்லாரும் கிளம்பிய பிறகு நான் பக்கத்தில் போனேன். நிமிர்ந்து பார்க்காமல், "ஒரே ஒரு மேட்ச்தானடி" என்றார். அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் என்னிடம் பேசவில்லை. தபால் நிலையத்துக்குப் போனால் வேறு கவுன்டரைக் காட்டுவார்.

அடுத்த சீசனில் திட்டக்குடி அணியில் பதிந்தேன். யாருடைய கடிதமும் தேவைப்படவில்லை. முதல் ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கினேன். இரண்டாவது ஆட்டத்தில் மூன்று. பந்தைப் பிடிக்கத் தெரிந்தது, பாயத் தெரிந்தது, எப்போது வெளியே வர வேண்டும் என்று தெரியவில்லை. ஓரத்திலிருந்து பந்து உயரமாக வரும்போது ஆறு பேர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் போவதா கோட்டிலேயே நிற்பதா என்று ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும். அந்த ஒரு நொடி பயிற்சியில் வராது. பத்தொன்பது வயதில் வந்திருக்க வேண்டியது எனக்கு இருபத்து நான்கில்தான் வரத் தொடங்கியது. "அடுத்த வாரமும் நீதான்" என்று மட்டும் மிஸ் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் சொல்வார்.

சீசனின் பாதியில் நிலைமை மாறியது. எங்களுக்கு எதிராக யாரும் ஏழு கோல் போடவில்லை. ஒன்று, இரண்டு என்று தோற்றோம், பிறகு சமன் செய்தோம், பிறகு சிலவற்றை ஜெயித்தோம். பழைய கிளப்போடு ஆடியபோது ஒரு கோலில் தோற்றோம். அந்தப் பக்கம் கோலில் அக்கா. அன்றைக்கு அவருக்குத் தலைமுடியைச் சரி செய்ய நேரமில்லை. கடைசி நிமிடம் வரை வேலை இருந்தது. எட்டு அணியில் நான்காவதாக முடித்தோம். அந்த வருடம் மாவட்ட அணிக்கு இரண்டு கீப்பர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் கீப்பர் அக்கா, இரண்டாவது நான்.

மாவட்ட அணியோடு போன பயணத்தில்தான் மறுபடி பேசினோம். விழுப்புரத்தில் ரயில் நின்றபோது அவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினார். பிறகு, என்னை எதிரில் வைத்து ஆடிய அந்த ஆட்டம்தான் தனக்கு அந்த சீசனில் சிரமமான ஆட்டம் என்றார். விரலைப் பற்றியும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் இருவரும் பேசவில்லை.

இரண்டு வருடம் கழித்துச் சங்கம் விதிகளைத் திருத்தக் கூட்டம் போட்டது. பதிவெல்லாம் ஆன்லைனுக்கு மாறிவிட்டதால் பழைய விதிகளை அப்படியே வைத்திருக்க முடியவில்லை. ஆட்டக்காரிகள் சார்பில் ஒருவர் வேண்டும் என்றார்கள். திட்டக்குடி கிளப்பின் ஆன்லைன் வேலைகளை அப்போது நான்தான் பார்த்தேன் என்பதால் மிஸ் என் பெயரைக் கொடுத்துவிட்டார். கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் நடந்தது. பழைய செயலாளரும் வந்திருந்தார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. சீசனில் கால்வாசி ஆட்டம்கூட ஆடாத ஒருவர் வேறு கிளப்புக்குப் போக என்.ஓ.சி. தேவை என்று இருக்கக் கூடாது. உடனே எதிர்ப்பு வந்தது. பெஞ்சில் இருப்பவர்களை எல்லாம் பெரிய கிளப் வந்து அள்ளிக்கொண்டு போகும் என்றார்கள். நாங்கள் ஐந்து வருடம் பழக்கிவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டுமா என்றார் ஒருவர். நான் எழுதிக்கொண்டு போனதைப் படித்து முடித்துவிட்டேன், வேறு வாதம் என்னிடம் இல்லை.

அப்போது எங்கள் பழைய செயலாளர் எழுந்தார். என்னை எதிர்க்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். போகட்டும், ஆனால் பட்டியலில் தன் கிளப்புக்குக் கீழே முடித்த கிளப்புக்கு மட்டும் போகட்டும் என்றார். மேலே இருக்கிறவன் எடுத்தால் லீக் செத்துவிடும், கீழே இருக்கிறவனுக்குப் போனால் லீக்குக்குத்தான் நல்லது, நமக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆடுவதற்கு ஒரு அணி இருக்கும் என்றார். அரை மணி நேரத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். என் யோசனையைவிட அவருடையது நன்றாக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். "அன்னிக்கு இந்த ரூல் இருந்திருந்தா உன்ன அனுப்பியிருப்பேன்," என்றார்.

"ரூல் இல்லாமலே அனுப்பியிருக்கலாமே சார்."

கையைத் துடைத்தபடி யோசித்தார். "இருக்கலாம்," என்றார்.

புது விதியில் சில பெண்கள் இடம் மாறினார்கள். வேப்பூர்ப் பக்கத்து அணிக்கு இரண்டு பேர் போனார்கள், அந்த அணி கடைசி இடத்திலிருந்து மேலே வந்தது. எனக்கு இதில் கொஞ்சம் பெருமை. அந்தப் பெருமை போன வருடம் வரை இருந்தது.

எங்கள் திட்டக்குடி அணியில் முன்வரிசையில் ஒரு பெண் ஆடினாள். இருபது வயது, கல்லூரியில் கடைசி வருடம். மிஸ் அவளை ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கியிருந்தார். போன சீசனில் அவள் போட்ட கோல்களால் நாங்கள் முதல் தடவையாக இரண்டாவது இடத்தில் இருந்தோம். சீசன் நடுவில் சென்னையில் ஒரு கிளப் அவளைக் கேட்டது. மேல்நிலை லீக்கில் ஆடும் கிளப். அவர்கள் பதிவுக்கான கெடு வெள்ளிக்கிழமை முடிகிறது. அவள் எல்லா ஆட்டமும் ஆடுகிறவள், அதனால் புது விதி அவளுக்குப் பொருந்தாது. எங்கள் சம்மதம் வேண்டும். செவ்வாய்க்கிழமை மிஸ் எனக்குப் போன் செய்து, குடுத்துடும்மா என்றார். குரல் சாதாரணமாக இருந்தது.

ஆன்லைனில் 'சம்மதம்' என்ற ஒரு பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். நான் செவ்வாய் அழுத்தவில்லை. புதன்கிழமையும் அழுத்தவில்லை. வேலை இருந்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வேலை எதுவும் இல்லை. மீதி இருந்த ஆட்டங்களைத்தான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இருந்தால் கோப்பை எங்களுக்கு.

வியாழக்கிழமை காலை அவளே போன் செய்தாள். "அக்கா, என்.ஓ.சி. போட்டாச்சா?"

"சைட் ஸ்லோவா இருக்குதுடி. சாயங்காலம் போடறேன்," என்றேன்.

அது பொய். போனை வைத்த பிறகு, கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து, பொய் சொல்லாமல் போன மனிதரை நினைத்துக்கொண்டேன். டீ இடைவேளையில் யூனிட்டின் பின்பக்கம் போய் செல்போனிலேயே அழுத்தினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த இரண்டு நாளைப் பற்றி அவளிடமும் சொல்லவில்லை, மிஸ்ஸிடமும் சொல்லவில்லை.

நாங்கள் ஐந்தாவது இடத்தில் முடித்தோம். அவள் போன சென்னை கிளப்பில் முன்வரிசைக்கே எட்டுப் பேர். சீசன் முழுவதும் அவள் பெஞ்சில் இருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. மூன்று வருடம் நான் உட்கார்ந்த பெஞ்சுக்கு நானே ஒருத்தியை அனுப்பிவைத்தது போல இருந்தது. சீசன் முடிந்ததும் அவளைத் திரும்பக் கூப்பிடலாம், லோனில், இரவல் போல, ஆறு மாதம் எங்களுக்கு ஆடலாம் என்று மிஸ்ஸிடம் பேசி, அந்தக் கிளப்பிடமும் பேசி, எல்லாம் சரி செய்துவிட்டு அவளுக்குப் போன் செய்தேன்.

அவள் முழுவதும் கேட்டாள். பிறகு வரவில்லை என்றாள்.

"பெஞ்சுதான்க்கா. ஆனா இங்க பிராக்டிஸ்ல என்ன மறிச்சு மார்க் பண்றவங்க எல்லாம் ஸ்டேட் ஆடினவங்க. அங்க நான் மேட்ச்சுல தாண்டினதவிட இங்க பிராக்டிஸ்ல ஒருத்தியத் தாண்டறது கஷ்டம். இன்னும் ஒரு வருஷம் பாக்கறேன்."

அவளுக்குப் பொருந்துவது எனக்குப் பொருந்தியது அல்ல என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில வாரம் பிடித்தது. முன்வரிசைக்காரிக்குப் பயிற்சியில் கிடைப்பது கீப்பருக்குக் கிடைப்பதில்லை என்று நானாக ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அது சரியான காரணமா என்று தெரியாது. மிஸ்ஸிடம் சொன்னபோது, அவள் வரமாட்டாள் என்று தனக்கு முன்பே தெரியும் என்றார். அவள் இடத்தில் இப்போது இன்னொரு பெண்ணை இறக்குகிறோம். ஓடுவதில் குறையில்லை, கோலுக்கு முன்னால் அவசரப்படுகிறாள்.

போன வாரம் சென்னையிலிருந்து அவள் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள். கடைசிப் பதினைந்து நிமிடம் இறக்கினார்களாம். கோல் ஒன்றும் போடவில்லையாம். மூன்று தடவை பந்து தன் காலுக்கு வந்தது, மூன்றையும் எதிரணிக்கு விடவில்லை என்று எழுதியிருந்தாள்.